முதல் தடவை தூண்டில் பிடிப்பவரை நீர்த்தேக்கத்துக்கு அழைத்துச் செல்லுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசல்ரீ, மவுசாகலை, மேல் கொத்மலை நீர்த்தேக்கங்களை ஒட்டிய தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் தூண்டில் போடுவது தனியாகக் கற்றுக்கொண்ட கலை அன்று. அண்ணன்மாரின் பின்னால் போய்ப் பார்த்துப் பழகியது. கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவுப் பிள்ளையோ, கூட வேலை செய்யும் நண்பரோ "என்னையும் ஒரு நாள் அழைத்துப் போங்கள்" என்று கேட்கும்போதுதான், நாம் யோசிக்காமல் செய்யும் பல காரியங்களை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருப்பது புரிகிறது. அப்படி அழைத்துச் செல்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு, என் அனுபவத்தை வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அழைத்துச் செல்பவர் எல்லாவற்றுக்கும் முன் மனத்தில் வைக்க வேண்டியது எது?

உங்கள் தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இதைச் சொன்னால் பலருக்கு வருத்தமாக இருக்கிறது. விடியற்காலையில் எழுந்து, பஸ் ஏறி, மலை இறங்கிப் போய் வெறுங்கையோடு நிற்பதா என்று கேட்கிறார்கள். ஆனால் அன்றைய நாள் உங்களுடையது அன்று, வந்தவருடையது. பல வருடங்களுக்கு முன் என் அக்காவின் மகனை மவுசாகலைக்கு அழைத்துப் போனபோது, நானும் என் தூண்டிலைப் போட்டுக்கொண்டு அவனுக்கு இருபதடி தள்ளி நின்றேன். எனக்கு மீன் இழுத்த அந்த ஒன்றிரண்டு நிமிடங்களில், அடியில் சிக்கிய தன் கொக்கியை எடுப்பதற்காக அவன் கரையை விட்டு இறங்கி, மேலே காய்ந்து வெடித்திருந்த சேற்றில் கால் வைத்து, தொடை வரைக்கும் புதைந்துவிட்டான். ஒரு மரக்கிளையை நீட்டி, அவனைப் பின்பக்கமாகச் சாய்ந்து உட்காரச் சொல்லி, ஒவ்வொரு காலாக மெதுவாக இழுத்தெடுத்தோம். அவனுக்குக் காயம் எதுவும் இல்லை. ஆனால் அவன் கூப்பிட்ட முதல் குரல் என் காதில் விழவில்லை என்பதை நான் இன்றுவரை மறக்கவில்லை. அன்றிலிருந்து புதியவர் ஒருவரை அழைத்துப் போகும் நாளில் நான் தூண்டில் எடுப்பதில்லை.

எந்த நீர்த்தேக்கத்துக்குப் போவது நல்லது?

மீன் அதிகம் கிடைக்கும் இடத்தை அல்ல, கரை நல்ல இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மலைநாட்டு நீர்த்தேக்கங்களில் பெரும்பாலானவை மின்சாரம் எடுப்பதற்காக ஆற்றை மறித்துக் கட்டப்பட்டவை. கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீயும், மஸ்கெலியா ஓயாவை மறித்து மவுசாகலையும் 1960களில் கட்டப்பட்டன; கொத்மலை 1985 இலும், தலவாக்கலையில் உள்ள மேல் கொத்மலை 2012 இலும் திறக்கப்பட்டன. இவை பள்ளத்தாக்குகளை நிரப்பி உண்டானவை என்பதால் கரை பல இடங்களில் செங்குத்தாக இறங்குகிறது. இரண்டு அடி எடுத்து வைத்தால் ஆள் மூழ்கும் ஆழம் வந்துவிடும். ஆகவே பாதை ஓரமாகவோ தோட்டத்தின் கீழ் எல்லையிலோ, நிலம் சாய்வாக இறங்குகிற, புல்லோ கல்லோ உள்ள, பின்னால் மரக்கிளைகள் இல்லாத இடமாகப் பாருங்கள். முடிந்தால் முதல் நாளுக்கு முன்பு நீங்கள் மட்டும் ஒரு தடவை போய் அந்த இடத்தில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். போன மாதம் நல்ல கரையாக இருந்த இடம் நீர்மட்டம் இறங்கியதும் சேறாக மாறியிருக்கலாம்.

நுவரெலியாவில் உள்ள கிரகரி வாவி இவற்றிலிருந்து வேறுபட்டது. ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873 இல் உண்டாக்கப்பட்ட அந்த வாவி இப்போது முழுக்க உல்லாசப் பயணிகளுக்கான இடமாகிவிட்டதால், படகுகளும் கூட்டமும் உள்ள விடுமுறை நாட்களில் அங்கே புதியவர் ஒருவர் அமைதியாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

அணைக்கட்டுக்குக் கீழே உள்ள ஆற்றுப் பகுதிக்கு ஒருபோதும் அழைத்துச் செல்ல வேண்டாம். மழைக்காலத்தில் மேல் கொத்மலை, கெனியன், லக்ஷபான போன்ற நீர்த்தேக்கங்களின் வான்கதவுகள் திறக்கப்படுவதை நாம் ஒவ்வொரு வருடமும் செய்தியில் கேட்கிறோம். கதவு திறந்தால் கீழே பாறைகளுக்கு இடையில் நிற்பவருக்கு ஓடி ஏற நேரம் கிடைக்காது. நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி மழை இல்லாவிட்டாலும் மேலே மழை பெய்திருக்கலாம்.

அனுமதி ஏதும் பெற வேண்டுமா?

அணைக்கட்டும் அதைச் சுற்றிய பகுதியும் பாதுகாப்புக்கு உட்பட்டவை. அங்கே தூண்டிலோடு போய் நிற்கக் கூடாது. மற்றக் கரைகளிலும், வலையும் தோணியும் வைத்துத் தொழில் செய்பவர்களின் சங்கம் இருந்தால் முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பது மரியாதையும் பாதுகாப்பும் ஆகும். அவர்களுடைய வலை எங்கே கிடக்கிறது என்பதையும் அவர்களே காட்டுவார்கள். கூடுதல் விபரம் தேவையானால் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். தோட்டத்துக்குள்ளால் இறங்குவதானால் தோட்ட நிர்வாகத்திடமும் சொல்லிவிடுங்கள். வெடியோ நஞ்சோ போட்டு மீன் பிடிப்பது 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தின்படி குற்றம் என்பதைப் புதியவருக்கு முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் பிரித்தானியர் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன்கள் இருப்பதைக் கேள்விப்பட்டுச் சிலர் அங்கே போக ஆசைப்படுகிறார்கள். அது 1988 இலிருந்து தேசியப் பூங்கா, அங்கே மீன் பிடிக்க முடியாது.

எந்த மாதம், எந்த நேரம் பொருத்தமானது?

ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கங்களுக்கு ஜனவரியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரையான காலமே முதல் பயணத்துக்கு மிக நல்லது. காலையில் பனி இருந்தாலும் வானம் தெளிவாக இருக்கும், காற்று குறைவு, வழுக்கலும் குறைவு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நம் மேற்குச் சரிவுகளில்தான் கொட்டுகிறது. கலங்கிய தண்ணீரும் வீசும் காற்றும் பழகியவரையே சோதிக்கும், புதியவரை வெறுத்துப்போகச் செய்யும். மார்ச் கடைசி, ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் காலை எவ்வளவு வெளிச்சமாக இருந்தாலும் பிற்பகலில் இடி மின்னல் வரும். அந்த மாதங்களில் பன்னிரண்டு மணிக்கு முன் கரையை விட்டு ஏறிவிடுங்கள். திறந்த நீர்ப்பரப்பின் ஓரத்தில் நீண்ட கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்தான் அந்த இடத்தில் உயரமான பொருள்; கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தவும் செய்யும். முதல் இடிச் சத்தம் கேட்டவுடன் கம்பைக் கீழே வைத்துவிட்டு ஒரு கட்டடத்துக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ போக வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

முந்தின நாள் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைக் கேளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பகுதிக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் அந்தப் பயணத்தை வேறொரு நாளுக்கு ஒத்திவைத்துவிடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, விடியற்காலை ஐந்து மணிக்கே போய் உட்கார வேண்டும் என்ற நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. சமவெளியில் அது சரியாக இருக்கலாம். மேட்டு நிலத்தில், குளிர்ந்த காலையில், திலாப்பியா அசையாமல் கிடக்கும். வெயில் ஏறி ஓரத்துத் தண்ணீர் சிறிது சூடான பிறகே இரை தேடி வரும். எட்டு மணிக்கு ஆரம்பித்துப் பதினொன்றரைக்கு முடித்தால் போதும். குளிரில் நடுங்கிய மூன்று மணி நேரத்தைவிட வெயிலில் உட்கார்ந்த ஒரு மணி நேரம் புதியவருக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

என்ன மீன் கிடைக்கும்?

பெரும்பாலும் திலாப்பியா. 1952 இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன், இன்று நன்னீர் மீன் என்றாலே நினைவுக்கு வரும் அளவுக்குப் பெருகிவிட்டது. கெண்டை வகைகளும் உண்டு. நக்டா என்று அழைக்கப்படும் நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகார சபை நீர்த்தேக்கங்களில் குஞ்சுகளை விடுவதாலும் அவை இருக்கின்றன. விலாங்கும் சில இடங்களில் அகப்படும். புதியவருக்கு ஏற்றது திலாப்பியாதான், ஏனெனில் அது கரைக்கு அருகிலேயே மேய்கிறது, சிறு இரையை எடுக்கிறது, கையளவு மீன்கூடக் கம்பை நன்றாக வளைத்துக் காட்டுகிறது.

எப்படிப்பட்ட தூண்டில் வாங்க வேண்டும்?

வாங்கவே வேண்டாம். பத்து அடி முதல் பன்னிரண்டு அடி வரை நீளமான, நன்றாகக் காய்ந்த, நுனி வளையும் மூங்கில் கம்பு ஒன்று போதும். அதன் நுனியில் கம்பின் நீளத்துக்குச் சற்றுக் குறைவாகத் தங்கூசியை (நைலோன் தூண்டில் நூலை) கட்டி, ஒரு தக்கை, ஒரு சிறு ஈயம், எட்டாம் அல்லது பத்தாம் இலக்கக் கொக்கி ஒன்று, வேறொன்றும் தேவையில்லை. ரீல் உள்ள கம்பைக் கொடுத்தால் புதியவரின் கவனம் முழுவதும் ரீலிலேயே போய்விடுகிறது. எறிவதும் சிக்கெடுப்பதுமாகக் காலை கழிந்து, தக்கையைப் பார்ப்பதற்கு அவருக்கு நேரமே கிடைப்பதில்லை. மேலும் ரீல் கம்பை வீசும்போது கொக்கி பின்னால் நிற்பவரின் முகத்துக்கு நேராக வருகிறது. மூங்கில் கம்பில் தங்கூசியை ஒரு கையில் பிடித்து, ஊஞ்சல் போல முன்னால் ஆடவிட்டாலே போய் விழும்.

கொக்கியில் பின்னோக்கி நிற்கும் அந்தச் சிறு முள்ளைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள். சில மீன் தப்பிப் போகும், போகட்டும். மனிதரின் விரலிலிருந்தும், திருப்பி விட வேண்டிய குஞ்சு மீனின் வாயிலிருந்தும் கொக்கி எளிதாக வெளியே வரும் என்பதே முக்கியம்.

இரைக்கு என்ன எடுத்துப் போவது?

மாட்டுப்பட்டிக்குப் பின்னால் சாணம் மக்கிய இடத்திலோ மரக்கறித் தோட்டத்து ஈர மண்ணிலோ மண்புழு தாராளமாகக் கிடைக்கும். முந்தின நாள் பின்னேரம் புதியவரையும் கூட்டிக்கொண்டு போய்த் தோண்டுங்கள். பயணம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. புழுவைத் தொட மனமில்லாதவருக்குப் பாணின் உட்பகுதியைப் பிசைந்தோ, கோதுமை மாவில் சிறிது பஞ்சு கலந்து இறுக்கமாக உருட்டியோ கொடுக்கலாம். பஞ்சு இருந்தால் மா தண்ணீரில் சீக்கிரம் கரையாது. எதுவானாலும் கொக்கியை மறைக்கும் அளவு போதும். பட்டாணி அளவைவிடப் பெரிய உருண்டையைத் திலாப்பியா கொறித்துவிட்டுப் போய்விடும். ஊறவைத்த பாணையோ தவிட்டையோ ஒரு பிடி முன்கூட்டியே தக்கை விழும் இடத்தில் தூவி வைத்தால் மீன் அங்கே கூடும்.

கரையில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

மெதுவாக, ஒரு நேரத்தில் ஒன்றாக. முதலில் ஆழம் பார்ப்பதைக் காட்டுங்கள். கொக்கியில் சற்றுப் பாரமான ஈயத்தை மாட்டி இறக்கினால், தக்கை முழுவதும் மூழ்கினால் ஆழம் அதிகம் என்றும், தட்டையாகப் படுத்தால் ஆழம் குறைவு என்றும் தெரியும். இரை அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கும்படி தக்கையை நகர்த்திக்கொள்ள வேண்டும். தூண்டில் பிடிப்பதில் பாதி வேலை இந்த ஆழத்தைச் சரிசெய்வதுதான் என்பது என் எண்ணம். பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் மீன் விழுகிறது என்றால், பெரும்பாலும் அவருடைய தக்கை சரியான இடத்தில் கட்டப்பட்டிருக்கிறது.

அடுத்தது தக்கையின் அசைவு. காற்றில் ஆடுவது ஒரு விதம். சிறு மீன் கொத்தும்போது துடிதுடிப்பது இன்னொரு விதம். நல்ல மீன் இரையை எடுத்துக்கொண்டு நகரும்போது தக்கை சாய்ந்து ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போகும், அல்லது இரை மேலே தூக்கப்பட்டதால் அப்படியே படுத்துவிடும். அந்த வேளையில்தான் கம்பை உயர்த்த வேண்டும். உயர்த்துவது மணிக்கட்டின் வேலை, தோளின் வேலை அன்று. புதியவர்கள் எல்லோரும் முதல் தடவை முழுப் பலத்தோடு இழுத்துக் கொக்கியை மரத்தில் மாட்டுவார்கள். அப்போது கையிலிருந்து கம்பைப் பிடுங்கிக் காட்டிக்கொடுக்க வேண்டாம். "இப்போது தூக்கு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லவும் வேண்டாம். நீங்கள் சொல்லித் தூக்கிய மீன் உங்களுடைய மீன். தவறவிட்ட மூன்றுக்குப் பிறகு தானாகப் பார்த்துத் தூக்கிய நான்காவதுதான் அவருடையது. அந்த மூன்று தவறுகள் வரை வாயை மூடிக்கொண்டிருப்பது அழைத்துச் செல்பவருக்கு மிகக் கடினமான வேலை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

கொக்கி அடியில் சிக்கிவிட்டால்?

மவுசாகலைக்குள் பழைய மஸ்கெலியா நகரமே கிடக்கிறது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய வழிபாட்டுத் தலங்களின் மிச்சங்கள் வெளியே தெரிகின்றன, ஆட்கள் போய்ப் பார்க்கிறார்கள். மற்ற நீர்த்தேக்கங்களின் அடியிலும் மரக்கட்டைகளும் கற்களும் உண்டு. ஆகவே கொக்கி சிக்குவது தவறு அன்று. கம்பை வளைத்து இழுக்கக் கூடாது. விடுபட்ட ஈயம் கண்ணை நோக்கிப் பாயும். கம்பின் நுனியைச் சிக்கிய இடத்துக்கு நேராக நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அப்படியே பின்னால் நடக்க வேண்டும். வராவிட்டால் தங்கூசி அறுந்து போகட்டும். அதை எடுக்க எவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அறுந்த தங்கூசித் துண்டுகளைக் கரையில் விட்டுவரக் கூடாது. பறவையின் காலில் சுற்றினால் அது செத்துப்போகும்.

கொக்கி உடம்பில் குத்தினால் என்ன செய்வது?

முள் தட்டையாக்கப்பட்டிருந்தால் வந்த வழியே மெதுவாகப் பின்னால் எடுத்து, சவர்க்காரமும் சுத்தமான தண்ணீரும் கொண்டு கழுவலாம். முள் உள்ள கொக்கி ஆழமாகப் போயிருந்தால் இழுக்காமல், தங்கூசியை வெட்டிவிட்டு, கொக்கி அசையாதபடி துணியால் சுற்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கண்ணுக்கு அருகில் என்றால் தொடவே கூடாது. ஏற்பூசி (டெட்டனஸ் தடுப்பூசி) கடைசியாக எப்போது போட்டது என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். அவசரம் என்றால் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை இலவசமாக அழைக்கலாம். ஆனால் பள்ளத்தாக்கின் அடியில் சில இடங்களில் தொலைபேசிச் சமிக்ஞை இருப்பதில்லை. போன உடனே கைத்தொலைபேசியைப் பார்த்து, எந்த இடம் வரை ஏறினால் சமிக்ஞை வருகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீச்சல் தெரியாதவரை அழைத்துப் போகலாமா?

போகலாம், நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது. ஆனால் தண்ணீரின் ஓரத்திலிருந்து இரண்டு எட்டுத் தள்ளியே நிற்க வேண்டும். பன்னிரண்டு அடிக் கம்பு அதற்குத்தான். தோணியில் ஏற்றுவது முதல் நாளுக்கு உரிய காரியம் அன்று. பிறகொரு நாள் ஏறினாலும் உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏற்ற வேண்டாம். ஐம்பது அடிக் கயிறு ஒன்றையும், மூடி இறுக்கிய, உள்ளே ஒன்றும் இல்லாத ஐந்து லீற்றர் பிளாஸ்டிக் கேன் ஒன்றை அதன் நுனியில் கட்டியும் எடுத்துப் போங்கள். யாராவது விழுந்தால் அதை வீசிப் பிடித்து இழுக்கலாம், அல்லது தூண்டில் கம்பை நீட்டலாம். விழுந்தவரைக் காப்பாற்ற இன்னொருவரும் தண்ணீரில் பாய்வதால் இரண்டு உயிர் போன கதைகள் நம் பகுதிகளில் ஏராளம்.

அட்டை, குளவி?

அட்டைக்குக் காலில் சவர்க்காரம் பூசி, காற்சட்டையைச் சப்பாத்துக்குள் விட்டுக்கொண்டால் போதும். குளவியை அப்படி எண்ணக் கூடாது. கொழுந்து பறிப்பவர்கள் குளவிக்கொட்டுக்கு ஆளாவதை நாம் அடிக்கடி பார்க்கிறோம். உட்காரும் முன் மேலே மரங்களையும் பாறை முகப்புகளையும் பாருங்கள். கூடு தெரிந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். நெருப்பு மூட்டிப் புகை எழுப்ப வேண்டாம். காலில் வெட்டுக்காயம் இருப்பவர் எலிக்காய்ச்சல் வராமலிருக்கச் சேற்றில் இறங்கக் கூடாது.

சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா?

ஏழெட்டு வயதுக்கு மேல் என்றால் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் அழைத்துச் செல்லலாம். பெண் பிள்ளைகளையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். "அது ஆம்பிளைப் பிள்ளைகளின் வேலை" என்று வீட்டில் சொல்லி நிறுத்திவைக்கப்பட்ட பிள்ளைகளில், தக்கையை அசையாமல் பார்க்கும் பொறுமை மிகுந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். ரொட்டியும் கட்டைச் சம்பலும், ஒரு போத்தல் தேத்தண்ணீரும், மாற்று உடுப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை கல் எறிந்து விளையாடத் தொடங்கிவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது என்று பொருள், வீட்டுக்குப் புறப்படுங்கள்.

ஒன்றுமே கிடைக்காவிட்டால்?

கிடைக்காது என்று புறப்படும் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் தக்கை அசையாவிட்டால் ஆழத்தை மாற்றுங்கள், பிறகு இரையை, பிறகு இடத்தை. மூன்றும் செய்த பிறகும் இல்லையென்றால் சாப்பாட்டை எடுத்து வைத்து, மீன்கொத்தி எந்த இடத்தில் பாய்கிறது என்று இருவருமாகப் பார்த்துக்கொண்டிருங்கள். அங்கே சிறு மீன் கூட்டம் இருக்கும்.

பிடித்த மீனை என்ன செய்வது?

உள்ளங்கையைவிடச் சிறியதைத் திருப்பி விடுங்கள். கையை நனைத்துக்கொண்டு பிடித்தால் அதன் மேலுள்ள வழுவழுப்பு போகாது. திலாப்பியாவின் முதுகு முட்களைத் தலையிலிருந்து வாலை நோக்கித் தடவி மடக்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும். தாய் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். வாயிலிருந்து குஞ்சுகள் சிந்தினால் அந்த மீனை உடனே விட்டுவிட வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போகும் மீனை மூச்சுத் திணறிச் சாக விடாமல், தலையில் ஒரே அடியாக அடித்து முடிப்பதையும் புதியவருக்குக் காட்டுங்கள். அதைப் பார்க்க விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். அவர் பிடித்த மீனைத் திருப்பி விட்டாலும் அது அவருடைய உரிமை.

சேற்று வாடை வருகிறது என்று நன்னீர் மீனை ஒதுக்குபவர்கள் பலர். குடலையும் வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலையும் முழுவதும் எடுத்து, உப்பும் தேசிக்காய்ப் புளியும் பூசிக் கால் மணி நேரம் வைத்துக் கழுவினால் அந்த வாடை பெரிதும் போய்விடும். பிறகு கொறுக்காய்ப்புளி போட்டுக் குழம்பு வையுங்கள். வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிடும் வீடு என்றால் நாளையும் பார்த்துப் புறப்படுங்கள், ஏனெனில் முதல் மீன் பிடித்தவரின் வீட்டுக்கே போக வேண்டும். ஒன்றே ஒன்று கிடைத்திருந்தாலும், அது நான்கு விரல் அகலமே இருந்தாலும், அவர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.